இரட்டைக் குழந்தைகளோடு நீண்ட விமானப் பயணம்: மூன்று வாரத்திலா, இரண்டரை மாதம் கழித்தா?

கடிதம் எழுதியவர் ஏழு மாத இரட்டைப் பெண் குழந்தைகளின் தாய். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன். 33-வது வாரத்தில் பிறந்த குழந்தைகள். மூத்தவள் இப்போது 7.1 கிலோ, இளையவள் 5.9 கிலோ. இளையவள் பிறந்தபோது சில நாட்கள் ஆக்சிஜனில் இருந்தாள், அதன் பிறகு தொந்தரவு ஏதும் இல்லை. இருவரும் உருவத்தில் அச்சாக ஒன்று. தாய்ப்பால்தான் முக்கிய உணவு, இளையவளுக்கு மட்டும் ஃபார்முலாவும் சேர்த்துக் கொடுக்கிறார்.

கணவர் வேலை நிமித்தமாக ஒரு வெப்பமண்டல நாட்டில் இருக்கிறார். மலேரியாவும் மஞ்சள் காய்ச்சலும் உள்ள நாடு. நடுவில் ஒரு விமானம் மாற வேண்டும், மொத்தம் 16 மணி நேரப் பயணம். கணவருக்கு விடுப்பு கிடைக்க இரண்டரை மாதம் ஆகும். அதுவரை காத்திருக்க மனம் இல்லாமல், மூன்று வாரத்தில் தானே கிளம்பிவிட நினைக்கிறார். துணைக்கு 64 வயது மாமியார் வரத் தயார். அவர் வராவிட்டாலும், "இரண்டும் சின்னதுதானே, மடியிலேயே வைத்துக்கொண்டு சமாளித்துவிடுவேன்" என்கிறார். அவசரத்துக்கு இன்னொரு காரணமும் சொல்கிறார்: "ஒன்பது மாதம் ஆகாத குழந்தைக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழ் கேட்க மாட்டார்களாம். அதற்குள் போய்விட்டால் ஊசியின் தொல்லை இல்லை." விமானத்தில் தூங்க வைக்கச் சளி மருந்து கொடுக்கலாமா, தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைகளுக்கு மலேரியா மருந்து தேவையா, குறைமாதப் பிள்ளைகள் என்பதால் ஊசிகளைத் தள்ளிப்போட வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

போக வேண்டாம் என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்துத்தான் எழுதியிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அப்படிச் சொல்லப்போவதில்லை. குழந்தைகள் அப்பாவோடு இருக்க வேண்டும், நீங்களும் தனியாக இரண்டு பிள்ளைகளோடு இரவு பகல் அல்லாட வேண்டியதில்லை. என் மறுப்பு தேதிக்கு மட்டும்தான். மூன்று வாரத்தில் வேண்டாம். கணவரின் விடுப்பு வரை காத்திருந்து, அவர் வந்து அழைத்துப் போகட்டும்.

ஒன்பது மாதக் கணக்கு

சான்றிதழ் விஷயத்தில் நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். பல நாடுகள் ஒன்பது மாதம் அல்லது ஒரு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளிடம் அதைக் கேட்பதில்லை. அந்த விலக்கு ஏன் வந்தது என்பதுதான் முக்கியம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி உயிருள்ள, வலுவிழக்கச் செய்த வைரஸ். மிகச் சின்னக் குழந்தைகளுக்கு அதுவே மூளை அழற்சியை உண்டாக்கும் ஆபத்து இருக்கிறது. அதனால் ஆறு மாதத்துக்குக் கீழே போடவே கூடாது. ஆறிலிருந்து ஒன்பது மாதம் வரை, நோய்ப் பரவல் கடுமையாக உள்ள இடத்துக்குப் போவதைத் தவிர்க்கவே முடியாது என்றால் மட்டும் மருத்துவர் யோசிப்பார். ஊசி போட முடியாத வயது என்பதால் அதிகாரிகள் கேட்காமல் விடுகிறார்கள். கொசு அப்படி விடாது. மூன்று வாரத்தில் போனால், உங்கள் இரண்டு பெண்களும் பாதுகாப்பே இல்லாமல் அங்கே இறங்குவார்கள்.

உங்களுக்கும் இதே கணக்குதான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது. நீங்கள் அந்த நாட்டுக்குள் நுழையச் சான்றிதழ் வேண்டும், அதற்கு ஊசி போட வேண்டும். பால் கொடுக்கும் தாய்க்கு இந்த ஊசியைப் போட்ட பிறகு, வைரஸ் பால் வழியாகப் பச்சிளம் குழந்தைக்குப் போய்ப் பாதித்த நிகழ்வுகள் உண்டு. மிக அரிது, ஆனாலும் உண்டு. அதனால் ஒன்பது மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குப் பால் கொடுப்பவர்களுக்கு, பயணத்தைத் தள்ளிப்போட வழி இருந்தால், இந்த ஊசியையும் தள்ளிப்போடச் சொல்வோம். உங்களுக்கு வழி இருக்கிறது.

அடுத்தது மாமியார். அவருடைய நல்ல மனதைக் குறை சொல்லவில்லை. ஆனால் 60 வயதுக்கு மேல் முதல் முறையாக இந்த ஊசி போட்டுக்கொள்பவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு இளையவர்களை விட அதிகம். அவர் இதற்கு முன் போட்டதே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் உடல்நிலையை முழுதாகப் பார்க்காமல் யாரும் போட்டுவிடக் கூடாது. கணவருக்கோ அங்கே போகும்போதே ஊசி போட்டிருப்பார்கள். அந்தச் சான்றிதழ் இப்போது ஆயுள் முழுக்கச் செல்லும், 2016 முதல் அப்படித்தான். துணைக்கு வர அவரை விடப் பொருத்தமானவர் இல்லை.

குறைமாதம் என்பதால் ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம். தவழ்வது, உட்கார்வது போன்ற வளர்ச்சியைப் பார்க்கும்போதுதான் முன்கூட்டிப் பிறந்த வாரங்களைக் கழித்துக் கணக்கிடுவோம். தடுப்பூசிக்குப் பிறந்த தேதிதான் கணக்கு. எனவே இந்த வாரமே இருவரையும் உங்கள் குழந்தை மருத்துவரிடம் கூட்டிப்போய், விடுபட்ட ஊசி ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். தட்டம்மை ஊசியை வழக்கமான வயதுக்கு முன்பே, ஆறு மாதம் முடிந்ததும், வெளிநாட்டுப் பயணத்துக்காக ஒரு டோஸ் போடலாம். அப்படிப் போட்டது வழக்கமான டோஸ்களின் கணக்கில் சேராது, பிறகு முறைப்படி மறுபடி போட வேண்டும். தட்டம்மை ஊசியும் உயிருள்ள வைரஸ் வகைதான். இப்படிப்பட்ட இரண்டை ஒரே நாளில் போட வேண்டும், இல்லாவிட்டால் நான்கு வாரமாவது இடைவெளி விட வேண்டும். இப்போது தட்டம்மை, ஒன்பது மாதம் முடிந்ததும் மஞ்சள் காய்ச்சல் என்று வைத்துக்கொண்டால் இடைவெளி தானாக அமைந்துவிடும். மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் செல்லும். அதையும் சேர்த்துப் பார்த்தால் கணவரின் விடுப்புத் தேதிக்குச் சரியாக வந்து நிற்கிறது. டைபாய்டுக்கு ஆறு மாதத்திலிருந்தே போடக்கூடிய கான்ஜுகேட் ஊசி இருக்கிறது, அதையும் கேளுங்கள்.

இளையவளின் ஆக்சிஜன் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அது முக்கியம். பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பது போல் இருக்காது. சுமார் 2,400 மீட்டர் உயர மலைமேல் இருப்பது போன்ற நிலை வரை குறையலாம். ஆரோக்கியமான குழந்தைகள் இதைத் தாங்கிக்கொள்வார்கள். குறைமாதத்தில் பிறந்து நாட்பட்ட நுரையீரல் பாதிப்பு இருந்த குழந்தைகளுக்குத்தான் சிக்கல். உங்கள் மகளுக்கு அப்படி இல்லை என்றே உங்கள் எழுத்திலிருந்து தெரிகிறது. ஆனாலும் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துக்கொண்டு போய், அன்று பார்த்த மருத்துவரிடமே "விமானத்தில் போகலாமா, குறைந்த ஆக்சிஜனில் தாங்குகிறாளா என்று சோதிக்க வேண்டுமா?" என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது குறைமாதப் பிறப்பை மறைக்காதீர்கள். பின்னால் பணம் தர மறுக்க அது ஒன்றே போதும்.

ஒரு மடிக்கு ஒரு குழந்தை

இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு நீங்கள் தனியாகப் பறக்க முடியாது. விமான நிறுவனங்கள் அனுமதிக்காது. இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தை மடியில் வரலாம், ஆனால் ஒரு பெரியவருக்கு ஒரு குழந்தைதான். சில நிறுவனங்களில், ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு மற்றதற்குத் தனி இருக்கை வாங்கி, விமானத்துக்கு ஏற்பு பெற்ற கார் சீட்டில் உட்கார வைத்து ஒரே பெரியவர் போகலாம். வேறு சில இரண்டாவது பெரியவர் கட்டாயம் என்கின்றன. விதி இடம் தந்தாலும் நான் சம்மதிக்க மாட்டேன். ஒருத்திக்கு டயப்பர் மாற்றக் கழிவறைக்குப் போகும்போது இன்னொருத்தியை யாரிடம் விடுவீர்கள்? அந்தக் கழிவறையில் ஒரு குழந்தையோடு திரும்புவதே கஷ்டம்.

கணவரும் நீங்களும் போனாலும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார முடியாமல் போகலாம். பெரும்பாலான விமானங்களில் வரிசையின் ஒவ்வொரு பகுதிக்கும் இருக்கைகளின் எண்ணிக்கையை விட ஒரே ஒரு ஆக்சிஜன் மாஸ்க்தான் கூடுதலாக இருக்கும். அதனால் மடிக் குழந்தை இரண்டை ஒரே பகுதியில் உட்கார விடமாட்டார்கள். நடைபாதைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று கேட்டு வாங்குங்கள். இதை இணையத்தில் டிக்கெட் எடுக்கும்போது சரிசெய்ய முடியாது, நிறுவனத்துக்குப் போன் செய்துதான் பேச வேண்டும். அப்போதே பேசினெட்டும் கேளுங்கள். முன் சுவரில் மாட்டும் அந்தத் தொட்டிலுக்கு எடை வரம்பு உண்டு. பல நிறுவனங்களில் அது 10, 11 கிலோவை ஒட்டி இருக்கும், உங்கள் பெண்கள் இருவரும் அடங்குவார்கள். ஆனால் இரண்டு பேசினெட் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். கிடைத்தாலும், விமானம் குலுங்கும்போதெல்லாம் தூங்குகிற குழந்தையைத் தூக்கி மடியில் வைக்கச் சொல்வார்கள். பணம் இடம் கொடுத்தால் ஒருத்திக்காவது தனி இருக்கையும் கார் சீட்டும் வாங்குங்கள். குலுங்கும் விமானத்தில் கையால் பிடித்திருப்பதை விட அதுதான் பத்திரம். போய்ச் சேர்ந்ததும் காரிலும் அது வேண்டும்.

இருவருக்கும் தனித்தனி பாஸ்போர்ட், தனித்தனி விசா. ஏதோ காரணத்தால் கணவர் வர முடியாமல் போனால், அவருடைய சம்மதக் கடிதமும் பிறப்புச் சான்றிதழ்களும் கையில் இருக்கட்டும்.

சளி மருந்து கொடுத்துத் தூங்க வைக்காதீர்கள்

கேள்வியாகக் கேட்டதற்கு நன்றி, பலர் கேட்காமலே கொடுத்துவிடுகிறார்கள். இந்த மருந்துகளில் தூக்கம் வர வைக்கும் பொருள் சின்னக் குழந்தைகளின் மூச்சையும் மந்தமாக்கலாம். புரோமெத்தசைன் என்ற மருந்தை இரண்டு வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது. சிலருக்கு இந்த வகை மருந்து நேர்மாறாக வேலை செய்யும், குழந்தை தூங்காமல் துள்ளி அழும். காற்றில் ஆக்சிஜன் குறைவாக உள்ள இடத்தில், குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இதைக் கொடுப்பதை என்னால் எந்த வகையிலும் ஒப்புக்கொள்ள முடியாது. அழுதால் அழட்டும். பக்கத்து இருக்கைக்காரர் முகம் சுளித்தால் அது அவர் பாடு.

விமானத்தில்

குழந்தை அழுவதற்குப் பெரும்பாலும் காதுதான் காரணம். விமானம் இறங்கும்போது வெளியே காற்றழுத்தம் ஏறிக் காதை அடைக்கும், விழுங்கினால் சரியாகும். தரையைத் தொட அரைமணி நேரத்துக்கு முன்பே இறங்கத் தொடங்கிவிடும், அப்போதே பால் கொடுங்கள். இங்கேதான் இரட்டையரின் சிக்கல்: இருவருக்கும் ஒரே நேரத்தில் வேண்டும். நீங்கள் ஒருத்திக்குப் பால் கொடுக்கும்போது கணவர் மற்றவளுக்குப் புட்டியோ சூப்பானோ கொடுக்கட்டும். வீட்டில் இருக்கும்போதே மூத்தவளையும் புட்டிக்குக் கொஞ்சம் பழக்கிவையுங்கள். நன்றாகத் தூங்குகிற குழந்தையை இதற்காக எழுப்ப வேண்டும் என்று நான் சொல்வதில்லை.

ஃபார்முலா பவுடர் கிருமி நீக்கம் செய்யப்பட்டதல்ல. குறைந்தது 70 டிகிரி சூடுள்ள தண்ணீரில் கலக்கி, ஆறவைத்துக் கொடுக்க வேண்டும். இதை விமானத்தில் ஒழுங்காகச் செய்வது கஷ்டம். அந்த ஒரு நாளுக்கு மட்டும், திறந்து அப்படியே கொடுக்கக்கூடிய தயார்நிலைத் திரவ ஃபார்முலா வாங்குங்கள். குடிக்கத் தொடங்கி ஒரு மணி நேரம் ஆனால் மீதியைக் கொட்டிவிட வேண்டும். திரவம் 100 மில்லிக்கு மேல் கூடாது என்ற விமான நிலைய விதியிலிருந்து குழந்தையின் பாலுக்குப் பெரும்பாலும் விலக்கு உண்டு, சோதனையில் தனியாக எடுத்துக் காட்டினால் போதும்.

பைகளை ஆளுக்கு ஒன்றாகப் பிரியுங்கள். டயப்பர் எல்லாம் ஒரு பையில், துணி எல்லாம் இன்னொன்றில் என்று வைத்தால், நடைபாதைக்கு இருபுறமும் உட்கார்ந்துகொண்டு ராத்திரி முழுக்கக் கைமாற்ற வேண்டியிருக்கும். ஒவ்வொரு குழந்தைக்கும் முழுமையான ஒரு பை. டயப்பர் குழந்தைக்கு மணிக்கு ஒன்று என்ற கணக்கில் வையுங்கள். அதிகம்போலத் தோன்றும், விமானம் தாமதமான அன்று தோன்றாது. உங்களுக்கும் கணவருக்கும் ஆளுக்கு ஒரு மாற்றுச் சட்டை. அகலமான இரட்டை ஸ்ட்ரோலர் என்றால், விமான வாசல் வரை கொண்டுவர விடுவார்களா, மாறும் விமான நிலையத்தில் வாசலிலேயே திரும்பக் கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

போய்ச் சேர்ந்த பிறகு

தாய்ப்பால் பற்றி நீங்கள் நினைப்பது பாதி சரி. வயிற்றுப்போக்கு போன்ற பலவற்றிலிருந்து அது காக்கிறது, புது ஊரில் அதை விடவே விடாதீர்கள். மலேரியாவுக்கு அது போதாது. நீங்கள் சாப்பிடும் மலேரியா தடுப்பு மாத்திரை பாலில் கொஞ்சம் போகும், குழந்தையைக் காக்கும் அளவுக்குப் போகாது. இருவருக்கும் தனியாக மருந்து வேண்டும். எந்த மருந்து என்பது அந்த நாட்டையும் குழந்தையின் எடையையும் பொறுத்தது. சில மருந்துகளுக்கு 5 கிலோவாவது இருக்க வேண்டும், டாக்ஸிசைக்ளின் போன்றவை இந்த வயதுக்கு ஆகாது. சிலவற்றைப் புறப்பட இரண்டு வாரத்துக்கு முன்பே தொடங்க வேண்டும், எனவே கடைசி நேரத்துக்கு வைக்காதீர்கள். மாத்திரையை நீங்களே உத்தேசமாகக் கிள்ளிக் கொடுக்க வேண்டாம். பொடியாக்கி அளவு பிரித்துக் கேப்ஸ்யூலில் போட்டுத் தரும் மருந்தகங்கள் உண்டு. அதைத் திறந்து கொஞ்சம் பாலிலோ கூழான உணவிலோ கலக்கலாம். கசப்பில் துப்புவாள். துப்பினால், வாந்தி எடுத்தால் என்ன செய்வது என்று மருத்துவரிடம் முன்பே கேட்டு எழுதிவையுங்கள்.

இருவருக்கும் எடை வேறு என்பதால் அளவும் வேறாக இருக்கலாம். தூக்கக் கலக்கத்தில், ஒருத்திக்கே இரண்டு முறை கொடுத்து மற்றவளை விட்டுவிடுவது இரட்டையர் வீடுகளில் நடக்கிற தவறு. உங்கள் பெண்களோ அச்சாக ஒன்று. இளையவளின் கால் கட்டைவிரல் நகத்தில் மட்டும் நெயில் பாலிஷ் வையுங்கள், அவளுடைய மருந்துப் பெட்டியிலும் அதே நிறத்தில் ஒரு கோடு. கொடுத்த கையோடு நோட்டில் ஒரு டிக், நேரம், கொடுத்தவர் பெயர். டிக் இல்லாவிட்டால் "கொடுத்திருப்பேன்" என்று ஊகிக்க வேண்டாம், இருவரும் பேசிக்கொண்ட பிறகே கொடுங்கள். மலேரியா மருந்து அளவு மீறினால் ஆபத்து, பூட்டி வையுங்கள்.

மாத்திரை இருந்தாலும் கொசுவலை வேண்டும். பூச்சிமருந்து ஏற்றிய வலை, தொட்டிலுக்கு ஒன்றாக, விளிம்பை மெத்தைக்கு அடியில் செருகி. இருவரையும் ஒரே தொட்டிலில் போடாதீர்கள். மலேரியா கொசு மாலையிலிருந்து விடியும் வரை கடிக்கும். டெங்கு, மஞ்சள் காய்ச்சல் கொசு பகலில் கடிக்கும். அதனால் பகல் தூக்கத்துக்கும் வலைதான். இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு டீட் கலந்த கொசு விரட்டி பூசலாம், 30 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். உங்கள் கையில் எடுத்து, துணி மூடாத தோலில் மெல்லிசாகப் பூசுங்கள். முகத்தில் கண், வாய்ப் பக்கமும் கைகளிலும் வேண்டாம். உங்கள் வீட்டில் ஒருத்தியின் கை இன்னொருத்தியின் வாயில் இருக்கும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெய் இயற்கையானது என்று வாங்கிவிடாதீர்கள், மூன்று வயதுக்குக் கீழே அதைப் பரிந்துரைப்பதில்லை.

வெயிலில் ஸ்ட்ரோலரைத் துணியால் மூடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நிழல் தருவதாகத் தோன்றும், உள்ளே சூடு சட்டென்று ஏறிவிடும். ஏசி குழந்தைக்கு ஆகாது என்ற பயமும் வேண்டாம். ஜன்னல் மூடிய ஏசி அறையில் கொசுவும் குறையும். நேரே மேலே காற்று வீசாமல் பார்த்துக்கொண்டால் போதும். பால் அடிக்கடி கேட்பார்கள், கொடுங்கள். ஒன்பது மாதக் குழந்தைக்கு இடையிடையே கொதித்து ஆறிய தண்ணீரும் ஒரு மடக்கு தரலாம். ஓஆர்எஸ் பாக்கெட்டுகளை இங்கிருந்தே எடுத்துப் போங்கள், பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் மட்டும் கலக்க வேண்டும். வயிற்றுப்போக்கின்போது ஆறு மணி நேரம் டயப்பர் நனையாமல் இருந்தால், உச்சிக்குழி உள்வாங்கினால், அழும்போது கண்ணீர் வராவிட்டால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

காய்ச்சல் விஷயத்தில் எந்தச் சமாதானமும் சொல்லிக்கொள்ளாதீர்கள். அங்கே போய் ஒரு வாரம் ஆன பிறகு எந்தக் காய்ச்சல் வந்தாலும், பல் முளைக்கிறது, ஊர் மாறியிருக்கிறது என்று காரணம் தேடாமல், அன்றே மலேரியாவுக்கு ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். தடுப்பு மருந்து சரியாகக் கொடுத்திருந்தாலும்தான். இந்த வயதில் மலேரியா மிக வேகமாக முற்றும். ஊருக்குத் திரும்பி வந்த பிறகு, ஒரு வருடம் வரை, காய்ச்சல் என்று போகும் மருத்துவரிடம் எந்த நாட்டில் இருந்தோம் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

கணவருக்கு இந்த இரண்டரை மாதத்தில் ஒரு வேலை கொடுங்கள். குழந்தை மருத்துவர் எங்கே இருக்கிறார், ராத்திரியில் மலேரியா பரிசோதனை செய்யும் இடம் எது, வீட்டிலிருந்து எவ்வளவு நேரம் என்று அவர் நேரில் போய்ப் பார்த்து வைக்கட்டும். நீங்கள் புறப்படுவதற்கு முந்தைய வாரம் இருவரையும் மறுபடி எடை போடுங்கள். மருந்தின் அளவு, பேசினெட்டின் வரம்பு இரண்டையும் அந்தப் புது எடையை வைத்து இன்னொரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.